ஊருக்குப் போகவில்லை, வெளிநாட்டுக்குப் போகிறீர்கள்

மே மாதம் பிறந்தால் என் வட்ஸ்அப்பில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். "அக்கா, இந்த லீவுக்கு முதல் தடவையா ஊருக்குப் போறம். என்ன கொண்டு போறது?"

கேட்பவர்கள் பதினைந்து, பதினாறு, பதினேழு வயதுக்காரர். கார்ஹிங்கிலும் மியூனிக்கிலும் சுற்றுவட்டாரத்திலும் பிறந்து வளர்ந்தவர்கள். இவ்வளவு நாளும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதினேன். இந்த வருசம் எல்லாருக்கும் சேர்த்து ஒரே பதில். கொஞ்சம் கோபமான பதில். கோபம் உங்களில் இல்லை. "ஊருக்குப் போறம்" என்ற அந்த இரண்டு சொல்லில்தான்.

நீங்கள் ஊருக்குப் போகவில்லை. வெளிநாட்டுக்குப் போகிறீர்கள். அதுதான் உங்கள் முதல் வெளிநாட்டுப் பயணம். இத்தாலிக்குக் கடலில் குளிக்கப் போனதும் சால்ஸ்பூர்க்குக்கு ரெயினில் போனதும் கணக்கில் வராது. உங்கள் பாஸ்போட்டில் ஒரு முத்திரைகூட விழவில்லை. இலங்கைக்குப் போகும்போதுதான் ஒரு நாட்டின் வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்கப்போகிறீர்கள். அதை யாரும் உங்களுக்குச் சொல்வதில்லை. சொல்லாததால் ஆயத்தமும் இல்லை. ஆயத்தம் இல்லாமல் போன ஒருத்தி என்ன செய்தாள் என்று கீழே எழுதியிருக்கிறேன். அந்த ஒருத்தி நான்தான்.

முதலில் எங்கள் வீட்டு ஆயத்தத்தைச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் அநேகமாக இதுதான் நடக்கும்.

போவதற்கு ஒரு மாதம் இருக்கும்போதே குளியலறைத் தராசு வரவேற்பறைக்கு வந்துவிடும். அப்பா சூட்கேசைத் தூக்கிக்கொண்டு அதில் ஏறுவார். பிறகு சூட்கேஸ் இல்லாமல் ஏறுவார். கழித்துப் பார்த்தால் முப்பத்திரண்டு கிலோ. இரண்டு கிலோ குறைக்க வேண்டும் என்று அம்மாவும் அப்பாவும் ஒரு கிழமை சண்டை பிடிப்பார்கள். உள்ளே ஆல்டிச் சொக்லேற், நிவியா கிறீம், ஓடிக்கொலோன், கோப்பிப் பைக்கற், ஹரிபோ, எங்களுக்குச் சிறிதாகிப்போன சேட்டுகள். யாருக்கு எது என்று அம்மா ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார். "பெரியம்மா: நிவியா 2" என்று ஒரு வரி இருந்தது எனக்கு ஞாபகம். பெரியம்மா எப்படி வாழ்கிறார், அவருக்கு என்ன நடந்தது, அவரிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்று ஒரு வரியும் அந்தக் கொப்பியில் இல்லை. அம்மாவின் வாயிலும் இல்லை.

கிறீமுக்கு ஒரு மாத ஆயத்தம். மனிதருக்கு ஒரு மணித்தியால ஆயத்தமும் இல்லை. கேட்டால், "நாங்கள் என்ன வெளிநாட்டுக்கே போறம்? எங்கட ஊருக்குத்தானே போறம்!"

எங்கள் வீட்டில் "வெளிநாடு" என்றால் யேர்மனி. அப்பா நாற்பது வருசமாக இங்கே இருக்கிறார். இன்றைக்கும் ரெலிபோனில் "நாங்கள் வெளிநாட்டில இருக்கிற ஆக்கள்தானே" என்றுதான் கதைப்பார். அவர் அப்படிச் சொல்லலாம். அவர் அந்த மண்ணில் விழுந்து எழும்பியவர். நான் பிறந்தது இங்கே. யூ6 ரெயினும் இசார் ஆற்றங்கரையும் நகரச் சின்னத்தில் அணு உலை முட்டையை வைத்திருக்கிற இந்தக் கார்ஹிங்கும்தான் நான் விழுந்து எழும்பிய இடம். அப்பாவின் சொல்லை அப்படியே எடுத்து என் வாயில் போட்டால் அது பொய்.

அங்கே இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கடைக்காரர், ஓட்டோக்காரர், சொந்த மாமி, எல்லாரும் எங்களை "வெளிநாட்டுக்காரர்" என்றுதான் சொல்வார்கள். அதைக் கேட்டு எங்களில் எத்தனை பேர் முகம் சுளித்திருக்கிறோம்! ஆனால் அவர்கள் சரியாகத்தான் சொல்கிறார்கள். நாங்கள் அவர்களுக்கு வெளிநாட்டுக்காரர் என்றால் அவர்களுடைய இடம் எங்களுக்கு வெளிநாடுதானே?

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. இலங்கையர் இருவருக்கு யேர்மனியில் பிறந்த பிள்ளை என்பதற்காக இலங்கைக் குடியுரிமை தானாக வந்துவிடாது. உரிய முறையில் பதிந்தால்தான் உண்டு. ஆகவே எங்களில் பெரும்பாலானோர் யேர்மன் பாஸ்போட்டோடு விசா எடுத்துத்தான் போகிறோம். நான் கட்டிலில் படுத்திருந்து இணையத்தில் எடுத்துவிடுவேன். பெரியப்பாவின் மகள் இரண்டு கிழமைக்குக் கார்ஹிங் வர ஆசைப்பட்டால்? ஷெங்கன் விசாவுக்கு 90 யூரோ. வங்கிக் கணக்கு, வேலைக் கடிதம், திரும்பிப் போவாள் என்பதற்கு அத்தாட்சி. போதாததற்கு என் அப்பா இங்கே வெளிநாட்டவர் அலுவலகத்துக்குச் சம்பளப் பத்திரங்களோடு போய், அவளுடைய செலவெல்லாம் தன் பொறுப்பு என்று கையெழுத்து வைக்க வேண்டும். அதற்குப் பிறகும் இல்லை என்று சொல்லலாம். ஒரு பக்கத்தார் நினைத்தவுடன் போகலாம், மறுபக்கத்தார் கெஞ்சித்தான் வரலாம் என்றால் நடுவில் இருப்பது நாட்டெல்லை. அதை "ஊர்" என்ற இனிப்பான சொல்லால் மூடி வைத்தால், எல்லைக்கு இந்தப் பக்கம் நிற்கும் எங்களுக்கு வசதி. அந்தப் பக்கம் நிற்பவளுக்கு அல்ல.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

2018 ஓகஸ்ட். எனக்குப் பதினேழு வயது. கிளிநொச்சிக்குப் பக்கத்தில் பெரியம்மா வீட்டில் ஒரு கிழமை தங்கினோம். முன் அறைச் சுவரில் பெரியப்பாவின் படம். அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கியது, முகம் தெளிவில்லை. அப்பா இங்கே எப்போதும் "பெரியப்பா இப்ப இல்லை" என்றுதான் சொல்லுவார். இல்லை என்றால் இறந்துவிட்டார் என்று நான் விளங்கிக்கொண்டேன். தமிழ்ப் படங்களில் இறந்தவரின் படத்துக்கு மாலை போட்டிருக்கும். இங்கே மாலை இல்லை. மாலை வாங்கப் பெரியம்மாவிடம் காசு இல்லையாக்கும் என்று நினைத்தேன். இதை எழுத இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அடுத்த நாள் கோயிலுக்குப் போனபோது என் கைக்காசில் ஒரு பூமாலை வாங்கினேன். பெரியம்மா கிணற்றடியில் நின்ற நேரம் பார்த்துக் கதிரையில் ஏறிப் படத்துக்குப் போட்டுவிட்டேன். நல்ல காரியம் செய்தேன் என்ற பெருமையோடு காத்திருந்தேன்.

பெரியம்மா உள்ளே வந்தார். படத்தைப் பார்த்தார். சத்தம் போடவில்லை. அதே கதிரையில் ஏறி மாலையைக் கழற்றினார். சாமித் தட்டுக்குக் கொண்டுபோய் முருகன் படத்துக்குப் போட்டார். "நல்ல மாலை, பிள்ளை" என்றார். பிறகு தேத்தண்ணி போடக் குசினிக்குள் போய்விட்டார்.

அன்று இரவு அவருடைய மகள்தான் எனக்குச் சொன்னாள். அவளுக்குப் பதினாறு வயது. 2009 மே மாதம், சண்டை முடிகிற நேரம், வட்டுவாகல் பக்கம் இராணுவத்திடம் போனவர்களில் பெரியப்பாவும் ஒருவர். அவரை ஒரு பேருந்தில் ஏற்றியதைப் பெரியம்மா தன் கண்ணால் பார்த்தார். அதற்குப் பிறகு காணவில்லை. இறந்துவிட்டார் என்று யாரும் சொல்லவில்லை. இருக்கிறார் என்றும் யாரும் சொல்லவில்லை. அதனால்தான் மாலை இல்லை, திவசம் இல்லை. பெரியம்மா நெற்றிப் பொட்டை அழிக்கவில்லை. 2017 பெப்ரவரி 20 ஆம் தேதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் போராட்டம் தொடங்கினார்கள். பெரியம்மாவும் முறை வைத்து அங்கே போய் இருப்பார். நாங்கள் வந்து நின்ற கிழமை மட்டும், எங்களுக்குச் சமைக்க வேண்டும் என்று, போகாமல் நின்றார்.

"மாலை போட்டால் அம்மா ஒத்துக்கொண்ட மாதிரிப் போயிடும், அக்கா" என்றாள் தங்கச்சி.

"இல்லை" என்ற சொல்லுக்கு அந்த வீட்டில் இருந்த அர்த்தத்தை எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. பத்து வருசம் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடம் போனேன். வேற்றுமை எட்டும் மனப்பாடம். அந்த ஒரு சொல் தெரியாமல் போனேன்.

காணாமல் போனவர் ஒருவர் இருவர் இல்லை. 1980களின் பிற்பகுதியிலிருந்து இலங்கையில் 60,000 முதல் 100,000 பேர் வரை காணாமல் போயிருக்கலாம் என்பது சர்வதேச மன்னிப்புச் சபையின் மதிப்பீடு. அதில் தெற்கில் காணாமல் போன சிங்களப் பிள்ளைகளும் அடக்கம். நீங்கள் போய் இருந்து சாப்பிடப்போகிற வீடுகளில் ஒன்றில் இப்படி ஒரு படம் தொங்கக்கூடும். அதற்கு மாலை இருக்கிறதா இல்லையா என்று பார்க்கத் தெரிந்திருப்பது, சூட்கேசுக்குள் எத்தனை நிவியா என்பதைவிட முக்கியம்.

அந்தப் பயணத்தில் நான் செய்த மற்றப் பிழைகளையும் சொல்லிவிடுகிறேன். கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் போரில் விழுத்தப்பட்ட பெரிய தண்ணீர்த் தாங்கி ஒன்று கிடந்தது. அதன் முன்னால் நின்று விரலை விரித்துச் சிரித்துப் படம் எடுத்து இன்ஸ்ரகிராமில் போட்டேன். அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள் என் கணக்கைப் பார்ப்பார்கள் என்று யோசிக்கவில்லை. அடுத்தது ஹரிபோ. எங்கள் கோடை விடுமுறையும் நல்லூர்த் திருவிழாவும் பெரும்பாலும் ஒன்றாகத்தான் வரும். இருபத்தைந்து நாள் திருவிழா; அந்த நாட்களில் எத்தனையோ வீடுகளில் மச்சம் சமைக்க மாட்டார்கள். அந்த நேரம் பார்த்துப் பன்றி ஜெலற்றின் போட்ட இனிப்பை விரதக்காரரின் கையில் கொடுத்துவிட்டு, ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டு நின்றோம்.

திரும்பி வந்து அப்பாவோடு சண்டை பிடித்தேன். ஏன் சொல்லவில்லை? "சின்னப் பிள்ளையளுக்கு ஏன் உந்தக் கதையள்? சந்தோசமாப் போட்டு வரட்டும் எண்டு நினைச்சன்" என்றார். அப்பா கெட்ட மனிதர் இல்லை. அவருடைய அண்ணா பற்றிய கதை அது. அவருக்கே வாயில் வராத கதை. ஆனாலும் கேட்கிறேன். பிள்ளை சந்தோசமாகப் போய்வர வேண்டும் என்பதற்காகப் பெரியம்மா கதிரையில் ஏறி மாலை கழற்ற வேண்டுமா? சொல்லாமல் விடுவதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். சொல்லாதவரும் கொடுக்கவில்லை, கேளாதவளும் கொடுக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. முதல் வெளிநாட்டுப் பயணத்துக்கு எப்படி ஆயத்தப்படுவது என்று எங்களைவிட எங்கள் பெற்றோருக்குத்தான் நன்றாகத் தெரியும். அப்பா புறப்பட்டது 1985 இன் தொடக்கத்தில். 1983 யூலைக்குப் பிறகு எத்தனையோ பேர் வந்த வழிதான்: கொழும்பு, மொஸ்கோ, கிழக்கு பேர்லினின் ஷோனபெல்ட் விமான நிலையம். அங்கிருந்து பிரீட்ரிக்ஸ்ராச ஸ்ரேசனுக்கு. அங்கே ரெயின் ஏறினால் மேற்கு பேர்லின். கிழக்கு யேர்மனி அந்த வழியைத் தமிழருக்கு 1985 யூலையில் மூடிவிட்டது. அப்பாவிடம் இருந்தது ஒரு தோள்பை. அப்பப்பா காணியை அடகு வைத்த காசு ஏஜென்சிக்குப் போயிருந்தது. ஆனால் எந்த வரிசையில் நிற்பது, எந்த ரெயினில் ஏறுவது, பொலிஸ் கேட்டால் எந்தச் சொல்லைச் சொல்வது என்று அவருக்குப் பாடமாக்கிக் கொடுத்திருந்தார்கள். அந்தச் சொல் "அசூல்". யேர்மன் மொழியில் அவருக்குத் தெரிந்த ஒரே சொல் அதுதான். சரியான இடத்தில் சரியாகச் சொன்னார்.

அவர் ஒரு தோள்பையோடும் ஒரு சொல்லோடும் வந்தார். எங்களை முப்பது கிலோவோடு ஒரு சொல்லும் தராமல் அனுப்புகிறார்கள்.

எங்கள் கார்ஹிங்கிலேயே வெளிநாட்டுப் பயணத்துக்கு ஒழுங்காக ஆயத்தப்படுகிறவர்களைப் பார்க்கலாம். ஐரோப்பியத் தெற்கு வான்காணகத்தின் தலைமையகம் இங்கேதான் இருக்கிறது. பள்ளிக்கூடத்தோடு அங்கே உள்ள கோளரங்கத்துக்குப் போயிருப்பீர்கள். அவர்களின் தொலைநோக்கிகள் இருப்பது சிலியில், அத்தக்காமா பாலைவனத்தில். அல்மா என்ற தொலைநோக்கி வரிசை சுமார் 5,000 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்த வானத்தைப் பற்றி ஆயிரம் கட்டுரை எழுதியவராக இருந்தாலும் மருத்துவப் பரிசோதனை செய்யாமல் அந்த உயரத்துக்கு ஏறவிட மாட்டார்கள். "எனக்கு அந்த வானம் நன்றாகத் தெரியும்" என்று சொல்லித் தப்ப முடியாது. படத்தில் தெரிவது வேறு, அங்கே போய் மூச்சு விடுவது வேறு.

எங்களுக்கும் அதே ஒழுங்கு வேண்டும். தெரியும் என்ற எண்ணத்தை இங்கேயே விட்டுவிட்டு, தெரியாத இடத்துக்குப் போவதுபோல் ஆயத்தப்பட வேண்டும். என் கணக்கில் அது நான்கு வேலை.

முதலாவது, கடுதாசி. பாஸ்போட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். விசாவுக்கு இலங்கை அரசின் சொந்த இணையத்தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். அதைப்போலவே தோற்றமளித்துக் கூடுதல் காசு பிடுங்கும் தளங்கள் உண்டு. விதிகளும் கட்டணமும் மாறிக்கொண்டே இருக்கும், போன வருசம் போனவரின் கதையை நம்பாதீர்கள். முக்கியமாக, உங்களிடமோ பெற்றோரிடமோ அகதிகளுக்கான நீலப் பயணப் பத்திரம் இருந்தால், உள்ளே எழுதியிருப்பதை வாசியுங்கள்: இலங்கை தவிர எல்லா நாடுகளுக்கும் என்றிருக்கும். அதோடு அங்கே போனால் இங்கே உள்ள பாதுகாப்பே பறிபோகலாம். சட்ட ஆலோசனை கேட்காமல் ரிக்கெற் போடக்கூடாது. 2024 யூன் 27 இலிருந்து யேர்மனி இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது. அதனால் இலங்கைக் குடியுரிமையைப் பற்றி யோசிக்கிறவர்கள் அதையும் இங்கேயே விசாரித்துவிட்டுப் போங்கள்.

இரண்டாவது, மனிதர். இதுதான் பெரிய வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அம்மா அப்பாவை மேசையில் இருத்துங்கள். ஒரு பெரிய தாளில் குடும்பத்தை வரையுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் மூன்று கேள்வி. யார் இல்லை, எப்படி இல்லை? யார் யாரோடு கதைப்பதில்லை, ஏன்? எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் கடன், காணி, சீட்டு என்று ஏதும் இருக்கிறதா? பெற்றோர் மழுப்புவார்கள். அழவும் கூடும். விட்டுவிட்டு அடுத்த ஞாயிறு திரும்பக் கேளுங்கள். இங்கே, உங்கள் மேசையில் அவர்கள் அழுவது, அங்கே பெரியம்மாவை அழவைப்பதைவிட நல்லது.

மூன்றாவது, உடம்பு. போவதற்கு ஆறு கிழமை முதலே வைத்தியரிடம் போய்த் தடுப்பூசிகளைப் பாருங்கள். "நாங்கள் அங்கத்தை ரத்தம், ஒண்டும் செய்யாது" என்று யாராவது சொன்னால் கேளாதீர்கள். உங்கள் வயிறு கார்ஹிங் தண்ணீரில் வளர்ந்த வயிறு. இலங்கையில் மலேரியா இல்லை. 2016 இல் உலக சுகாதார நிறுவனம் அதை உறுதிப்படுத்தியது. டெங்கு உண்டு, 2017 இல் மட்டும் 186,000 பேருக்கு மேல் பதிவானது. அந்த நுளம்பு பகலில் கடிக்கும். வடக்கில் மிதிவெடி அகற்றும் வேலை வருசக்கணக்காக நடக்கிறது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் அதற்கு அப்பால் ஓர் அடியும் வைக்கக்கூடாது, எவ்வளவு வடிவான காடாக இருந்தாலும்.

நான்காவது, நடத்தை. நல்லூருக்குள் ஆண்பிள்ளைகள் சேட்டைக் கழற்றித்தான் போக வேண்டும். வேட்டி கொண்டு போங்கள். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்காதீர்கள். 2014 இல் கையில் புத்தர் படம் பச்சை குத்தியிருந்த ஒரு பிரித்தானியப் பெண்ணைப் பிடித்து நாட்டைவிட்டு அனுப்பினார்கள். இராணுவ முகாமையும் சீருடைக்காரரையும் படம் எடுக்காதீர்கள். யார் முகத்தை எடுப்பதானாலும் முதலில் கேளுங்கள். "ஸ்தூதி" என்று சிங்களத்தில் ஒரு நன்றி சொல்லப் பழகுங்கள். விலையைக் கேட்டு "இவ்வளவுதானா, சும்மா மாதிரி!" என்று சிரிக்காதீர்கள், அது பக்கத்தில் நிற்கும் மச்சாளின் அரைநாள் சம்பளமாக இருக்கலாம்.

இனி, எனக்கு வரப்போகிற ஏச்சுக்குப் பதில்.

"சொந்த மண்ணை வெளிநாடு என்று சொல்ல உனக்கு எப்படி மனம் வந்தது? இப்படிச் சொன்னால் பிள்ளைகளுக்கு வேர் அறுந்துபோகும்" என்பார்கள். வேரை அறுப்பது அந்தச் சொல்லா? பதினேழு வயதுவரை ஒன்றும் சொல்லாமல் வளர்த்துவிட்டு, மூன்று கிழமைக்குக் கூட்டிக்கொண்டு போய், "இதுதான் உன் ஊர், உணர்" என்றால் எந்தப் பிள்ளைக்கு உணர்வு வரும்? வராதபோது பிள்ளை தன்னில் ஏதோ குறை என்று நினைக்கும். அல்லது இருப்பதுபோல் நடிக்கும். இரண்டையும் நான் செய்திருக்கிறேன். வெளிநாடு என்று ஒத்துக்கொண்டால் நடிக்கத் தேவையில்லை. தெரியாது என்று சொல்லலாம், கேட்கலாம், கற்கலாம்.

"சொந்தக்காரர்தானே, பிழை விட்டாலும் மன்னிப்பார்கள்" என்பார்கள். மன்னிப்பார்கள்தான். ஏன் மன்னிக்கிறார்கள் என்று யோசித்தீர்களா? அன்பும் ஒரு காரணம். ஆனால் நாங்கள் காசு அனுப்புகிறவர்கள், வருசத்துக்கு ஒருமுறை வருகிறவர்கள், திரும்பிப் போகிறவர்கள். எங்களை ஏச அவர்களுக்கு இடமில்லை. ஏச முடியாதவர் மன்னிப்பதை எங்கள் பக்கத்துப் பெருமையாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

"அப்படியென்றால் அது எப்போதும் வெளிநாடுதானா?" என்று உங்களில் ஒருவர் கேட்பீர்கள். எனக்கு முன்பு அந்தக் கேள்வி இருந்தது. 2023 இல் இரண்டாம் தடவை போகும்போது கொஞ்சம் விளங்கியது.

அந்தமுறை போக முதல் பெரியம்மாவுக்கு நானே ரெலிபோன் எடுத்தேன். என்ன கொண்டுவர என்று கேட்டேன். "ஒண்டும் வேண்டாம், நீ வா" என்றார். நான் விடவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "உன்ர அப்பாட்ட பெரியப்பான்ர நல்ல படம் ஏதும் இருக்குமோ?" என்றார். இடம்பெயர்ந்தபோது வீட்டுப் படங்கள் எல்லாம் போய்விட்டன. போராட்டத்தில் கையில் வைத்திருக்கும் படம் வெயிலில் வெளிறிவிட்டது.

இருந்தது. சமாதான காலத்தில், 2003 இல், அப்பா போனபோது எடுத்த படம். பெரியப்பா வேலியடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நேரே கமராவைப் பார்க்கிறார். முகம் அவ்வளவு தெளிவு. பெரியப்பா காணாமல் போய்ப் பதினான்கு வருசமும் அது கார்ஹிங்கில், எங்கள் வரவேற்பறை அலுமாரியில், ஒரு அல்பத்துக்குள் இருந்தது. இவர்கள் கேட்கவில்லை, அவர்கள் கேட்கவில்லை. நிவியா மட்டும் வருசா வருசம் போய்க்கொண்டிருந்தது.

முகத்தை மட்டும் பெரிதாக்கி இரண்டு பிரதி எடுத்து, வெயிலுக்கும் மழைக்கும் தாங்கும்படி பிளாஸ்ரிக் உறை போட்டுக் கைப்பையில் கொண்டு போனேன். பெரியம்மா இரண்டையும் வாங்கி நெடுநேரம் பார்த்தார். ஒன்றைச் சுவரில் மாட்டினார். மற்றதைத் தூக்கிக்கொண்டு, "வாறியோ?" என்று கேட்டார். அன்றைக்கு அவரோடு கந்தசுவாமி கோயிலடிக்குப் போனேன். நான் ஒன்றும் கதைக்கவில்லை. பக்கத்தில் இருந்தேன். அங்கே இருந்த ஓர் அம்மா நான் யார் என்று கேட்டார். "வெளிநாட்டில இருந்து வந்த பிள்ளை. எங்கட பிள்ளை" என்றார் பெரியம்மா.

இரண்டு வசனமும் உண்மை. முதலாவதை நான் ஒத்துக்கொண்ட பிறகுதான் இரண்டாவதை அவர் சொன்னார்.

ஆகவே, என்ன கொண்டு போறது என்று என்னைக் கேட்காதீர்கள். நீங்கள் யார் வீட்டுக்குப் போகிறீர்களோ அவர்களுக்கு இன்றைக்கு ரெலிபோன் எடுத்துக் கேளுங்கள். ஒன்றும் வேண்டாம் என்றுதான் முதலில் சொல்வார்கள். விடாதீர்கள், இன்னொருமுறை கேளுங்கள். அதற்குப் பிறகு தராசை எடுங்கள்.